சுங்கத்துக்காக விலையைக் குறைத்துப் போட்டோம், டர்ன்டேபிள் உடைந்து வந்தது: இழப்பீடு கிடைக்குமா?

பழைய ஆடியோ கருவிகள் சேர்க்கும் வாசகர் ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். பெயர், ஊர், தொகை எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவர் வெகுநாளாகத் தேடிக்கொண்டிருந்தது சுவிஸ் தயாரிப்பான தோரன்ஸ் டிடி 124 டர்ன்டேபிள், அதாவது இசைத்தட்டைச் சுழற்றிப் பாட வைக்கும் கருவி. 1957-இல் வெளிவந்த மாடல். வெளிநாட்டில் ஒரு தனிநபர் இணைய விற்பனைத் தளத்தில் போட்டிருந்ததைப் பார்த்து, பேரம் பேசி, கடன் அட்டையில் பணம் கட்டி வாங்கியிருக்கிறார். விமானம் வழியாகக் கூரியரில் வந்திருக்கிறது. சுங்க வரி குறையட்டும் என்று, “பில்லில் கால்வாசி விலை போடுங்கள்” என்று இவரே விற்றவரிடம் கேட்டிருக்கிறார். அவரும் அப்படியே போட்டுவிட்டார். கூரியர் கட்டணத்தோடு ‘பாதுகாப்புக் கட்டணம்’ என்று தனியாக ஒரு தொகையும் பிடித்திருக்கிறார்கள்.

வந்தது 20 கிலோ பெட்டி. ஒரு மூலை நசுங்கியிருந்தது. கூரியர்காரர் நீட்டிய போனில் விரலால் கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்துவிட்டார். இரண்டு நாள் கழித்துப் பிரித்தால், இசைத்தட்டு வைக்கும் கனமான சுழல்தட்டைக் கழற்றாமலேயே அனுப்பியிருக்கிறார்கள். நடு அச்சு வளைந்திருக்கிறது, டோன்ஆர்ம் (ஊசியைத் தாங்கும் கை) முறிந்திருக்கிறது, மரச்சட்டத்தின் ஒரு மூலை பிளந்திருக்கிறது. கூரியர் நிறுவனத்துக்குப் போன் செய்து புகார் எண் வாங்கினார். சில நாளில் பதில் வந்தது: “பேக்கிங் சரியில்லை. தவிர, அனுப்பியவர்தான் கிளைம் போட முடியும்.” விற்றவரோ, “நான் நன்றாகத்தான் கட்டி அனுப்பினேன், கூரியரிடம் கேளுங்கள்” என்கிறார்.

அவர் கேட்பவை: இன்சூரன்ஸ் கட்டியும் எப்படி மறுக்கலாம்? பார்க்காமல் கையெழுத்துப் போட்டதால் உரிமை போய்விட்டதா? நான் வாங்கியதைவிட இப்போது சந்தை விலை கூடியிருக்கிறது, அதைக் கேட்கலாமா? முழு விலைக்குப் புது பில் ஒன்று வாங்கிக் கிளைமோடு வைக்கச் சொல்கிறார் நண்பர், செய்யலாமா? சரிசெய்து தர மெக்கானிக் தயாராக இருக்கிறார், கொடுத்துவிடட்டுமா?

உங்கள் கடிதம் என் கைக்கு வந்தபோது பார்சல் வந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. அதனால்தான் இந்தப் பதிலை எழுதும் முன்பே, ‘இன்றைக்கே கூரியர் நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவிப்பு அனுப்புங்கள்’ என்று உங்களுக்குத் தனியாக எழுதினேன். அன்றே அனுப்பிவிட்டதாகச் சொன்னீர்கள். நல்லது, உங்கள் விஷயத்தில் பாதி அபாயம் அதோடு விலகிவிட்டது. ஏன் அவ்வளவு அவசரப்படுத்தினேன் என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

கையெழுத்தும் பதினாலு நாளும்

நாடு விட்டு நாடு விமானத்தில் போகும் சரக்குக்கு, இரண்டு நாடுகளும் சேர்ந்திருந்தால், 1999-இல் கையெழுத்தான மான்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும். அதன் 31-ஆவது பிரிவு உங்கள் கையெழுத்துக் கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறது. புகார் எதுவும் எழுதாமல் சரக்கை வாங்கிக்கொண்டால், அது நல்ல நிலையில் வந்ததாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இது மாற்றுச் சான்று காட்டி உடைக்கக்கூடிய அனுமானம் மட்டுமே. நசுங்கிய மூலையின் படமும், உள்ளே முறிந்து கிடந்த டோன்ஆர்மின் படமும்தான் அந்த மாற்றுச் சான்று. எனவே உங்கள் உரிமை போகவில்லை. நிரூபிக்கும் வேலை மட்டும் கொஞ்சம் கூடியிருக்கிறது.

உரிமையை உண்மையிலேயே பறிக்கக்கூடியது அதே பிரிவின் அடுத்த பகுதி. சேதம் தெரிந்ததும் உடனே, எப்படியும் சரக்கு கைக்கு வந்த 14 நாளுக்குள், எழுத்து மூலம் புகார் தர வேண்டும். தவறினால், கூரியர் தரப்பில் மோசடி இருந்தாலொழிய வழக்கே நிற்காது. நீங்கள் போனில் பேசி வாங்கிய புகார் எண் ‘எழுத்து மூலம்’ ஆகாது என்று பிறகு வாதிட இடமிருக்கிறது. அந்த இடத்தை எதற்குக் கொடுக்க வேண்டும்? கூரியர் நிறுவனத்தின் சொந்த நிபந்தனைகளில் இதைவிடக் குறைவான நாள் போட்டிருப்பதும் உண்டு. அதனால் பதினாலாவது நாள் வரை ஆறப்போடுவதும் சரியல்ல.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தப் புகாரைத் தர வேண்டியவர் ‘சரக்கைப் பெறும் உரிமை உள்ளவர்’ என்கிறது உடன்படிக்கை. அது நீங்கள்தான், விற்றவர் அல்ல. அனுப்பியவர் மட்டுமே கிளைம் போடலாம் என்று வாடிக்கையாளர் சேவையில் சொன்னது அவர்களுடைய உள் நடைமுறை. அவர்களுக்கு ஒப்பந்தம் அனுப்பியவரோடு இருக்கிறது, பணம் கட்டிய கணக்கும் அவருடையது, அதனால் அவரோடு பேசுவது அவர்களுக்கு எளிது. பெறுநராக ஏர்வே பில்லில் (பார்சலோடு வரும் விமானச் சரக்குச் சீட்டு) உங்கள் பெயர் இருக்கும்போது, உங்கள் அறிவிப்பை வாங்கவே மாட்டோம் என்று தள்ள முடியாது. நடைமுறையில் நான் சொல்வது: அறிவிப்பை நீங்கள் கொடுங்கள், கூடவே விற்றவரையும் அவர் பக்கத்தில் கிளைம் படிவத்தைப் போடச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கலாம்.

அறிவிப்பு நீளமாக இருக்க வேண்டியதில்லை. நான் உங்களுக்கு அனுப்பிய மாதிரி இதுதான்: “இந்த ஏர்வே பில் எண்ணுள்ள பார்சல் இந்தத் தேதியில் என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. பெட்டியின் ஒரு மூலை நசுங்கியிருந்தது. இந்தத் தேதியில் திறந்தபோது உள்ளே இருந்த கருவியின் அச்சு, டோன்ஆர்ம், மரச்சட்டம் ஆகியவை சேதமடைந்திருந்தன. படங்கள் இணைப்பில். இழப்பீடு கோரும் என் உரிமையை இதன்மூலம் பதிவு செய்கிறேன். பெட்டியும் பொருளும் அப்படியே வைக்கப்பட்டுள்ளன; வந்து பார்வையிடலாம்.” அவ்வளவுதான். தொகை, காரணம், யார் குற்றம் என்ற எதுவும் இதில் வேண்டாம். வழக்குப் போடும் அளவுக்குப் போனால் அதற்கு இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது.

(பார்சல் அஞ்சல் துறை வழியாக வந்திருந்தால் இந்த உடன்படிக்கை பொருந்தாது. அங்கே உலக அஞ்சல் ஒன்றிய விதிகள்தான். அதில் இழப்பீடு பொதுவாக அனுப்பியவருக்கே போகும். அவர் எழுதிக் கொடுத்தால் பெறுபவருக்கு வரும்.)

ஒரே பெட்டிக்கு மூன்று மதிப்பு

“இன்சூரன்ஸ் கட்டியும் எப்படி மறுக்கலாம்” என்று கோபமாகக் கேட்டிருக்கிறீர்கள். முதலில், நீங்கள் கட்டியது இன்சூரன்ஸ்தானா என்று பார்க்க வேண்டும். கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய ரசீதில் அந்த வார்த்தையே இல்லை.

ஒரு பார்சலுக்கு மூன்று தனித்தனி மதிப்புகள் உண்டு. ஒன்று, சுங்கத்துக்குச் சொல்லும் மதிப்பு. அது வரி கணக்கிட. இரண்டு, கூரியர் நிறுவனத்திடம் சொல்லும் மதிப்பு. சேதமானால் அவர்களுடைய பொறுப்பின் உச்சவரம்பு எவ்வளவு என்பதற்கு. மூன்று, காப்பீட்டுத் தொகை. ஒரு காப்பீட்டு நிறுவனம் பாலிசியின்படி தர ஒப்புக்கொள்வது. பலரும் இந்த மூன்றையும் ஒன்றாக நினைத்துவிடுகிறார்கள். கூரியர் படிவங்களும் அதற்கு உதவி செய்கின்றன. மூன்று கட்டமும் பக்கத்துப் பக்கத்தில், சின்ன எழுத்தில் இருக்கும்.

‘பாதுகாப்புக் கட்டணம்’ என்பது பெரும்பாலும் இரண்டாவது வகை. அதாவது, கூரியரின் பொறுப்பு வரம்பு கூடுகிறது. ஆனால் அவர்களுக்குப் பொறுப்பு உண்டு என்று முதலில் நிலைநாட்டியாக வேண்டும். பாலிசி என்றால் அப்படி இல்லை. அதில் யார் தவறு என்பது இரண்டாம் பட்சம், காப்பீடு செய்த வகையான இழப்பு நடந்ததா என்பதுதான் கேள்வி. எனவே உங்கள் முதல் வேலை, விற்றவரிடம் அந்தப் பதிவின் முழு விவரத்தையும் கேட்டு வாங்குவது. பாலிசி எண்ணோ சான்றிதழோ இருக்கிறதா, எந்த மதிப்புக்கு, யார் பெயரில் என்று பாருங்கள். கூடவே நிபந்தனைகளில் ‘பழம்பொருள்’, ‘சேகரிப்புப் பொருள்’ என்று தேடுங்கள். பல நிறுவனங்கள் இவற்றை ஏற்பதே இல்லை, அல்லது சொன்ன மதிப்பு எவ்வளவாக இருந்தாலும் ஒரு சிறு தொகைக்கு மேல் பொறுப்பில்லை என்று எழுதி வைத்திருக்கின்றன. அறுபது எழுபது வருடப் பழசான டர்ன்டேபிள் இந்தப் பட்டியலில் வருமா என்பது வாதத்துக்குரியது. அது இன்றும் பாட்டு போடும் கருவி, அலமாரியில் வைக்கும் பழம்பொருள் அல்ல என்று நான் வாதிடுவேன். ஆனால் எதிர்வாதம் வரும் என்பதைத் தெரிந்து வையுங்கள்.

மதிப்பே சொல்லவில்லை, தனிக் கட்டணமும் இல்லை என்று வைத்துக்கொண்டால் என்ன கிடைக்கும்? மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி வரம்பு எடைக்கணக்கில்தான். 2019 டிசம்பர் 28 முதல் கிலோவுக்கு 22 எஸ்டிஆர். 2024 டிசம்பர் 28 முதல் 26 எஸ்டிஆர். எஸ்டிஆர் என்பது டாலர், யூரோ, யுவான், யென், பவுண்ட் ஐந்தையும் வைத்துச் சர்வதேச நாணய நிதியம் கணக்கிடும் ஓர் அலகு. உங்கள் 20 கிலோ பெட்டிக்கு அதிகபட்சம் 520 எஸ்டிஆர். உள்ளே இரும்புச் சாமான் இருந்தாலும் அதே 520, டிடி 124 இருந்தாலும் அதே 520. இது உச்சவரம்பு, கட்டாயம் வரும் தொகை அல்ல.

இங்கேதான் நீங்கள் செய்த காரியம் உங்களையே சுற்றி வளைக்கிறது. சுங்கத்துக்குக் கால்வாசி விலை சொன்னபோது, கூரியர் கட்டத்திலும் அதே எண்ணைத்தான் விற்றவர் போட்டிருப்பார். சுங்கத்துக்குச் சொன்னதைவிடக் கூடுதலாக அந்தக் கட்டத்தில் போடப் பல நிறுவனங்கள் விடுவதில்லை. உங்கள் உரிமையின் மேற்கூரை அந்தக் கால்வாசி விலையிலேயே நிற்க வாய்ப்பு அதிகம்.

அப்படியானால் நண்பர் சொன்ன புது பில்? வேண்டாம். ஒரு வழக்கறிஞராக இதில் என்னிடம் ‘ஒருவேளை’ கிடையாது. பழைய தேதியிட்ட புது பில்லைக் கிளைமோடு வைத்தால், குறைந்த தொகை கிடைத்திருக்க வேண்டிய கிளைம் முழுவதுமாக விழும். மோசடிக் குற்றச்சாட்டும் சேரும். காப்பீடு என்பது இரு தரப்பும் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டிய ஒப்பந்தம் என்று 1766-லேயே இங்கிலாந்து நீதிபதி மான்ஸ்ஃபீல்டு பிரபு கார்ட்டர் எதிர் போம் வழக்கில் தீர்ப்பு எழுதிவிட்டார். இன்றுவரை காப்பீட்டு அதிகாரிகள் அதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். நீங்கள் அட்டையில் கட்டிய உண்மையான தொகைக்கு வங்கிப் பதிவு இருக்கிறது. அதுவே உங்கள் விலைச் சான்று, வேறு பில் எதற்கு?

ஆனால் அந்த வங்கிப் பதிவை வெளியே எடுத்தால் சுங்கத்துக்குச் சொன்னது பொய் என்பதும் தெரியவரும். இதைப் பூசி மெழுகிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. கிளைம் ஆவணங்களைச் சமர்ப்பிக்கும் முன்பே உங்கள் நாட்டில் சுங்க விஷயம் பார்க்கும் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். தானாக முன்வந்து விடுபட்ட வரியைக் கட்டுபவருக்குப் பல நாடுகளில் அபராதச் சலுகை உண்டு. அவர்கள் கண்டுபிடித்த பிறகு போனால் அது கிடைப்பது கஷ்டம். வரியில் மிச்சம் பிடித்ததைத் திருப்பிக் கட்ட மனம் வராதுதான். ஆனாலும் அதைக் கட்டிவிட்டு, உண்மை விலையோடு விற்றவரிடம் நிமிர்ந்து கேட்பது லாபமான வழி என்பது என் கருத்து.

‘பேக்கிங் சரியில்லை’ என்ற பதிலை என்ன செய்வது

இந்தப் பதிலைக் கேட்டு நீங்கள் மனம் உடைந்துவிட்டீர்கள். எனக்கோ, உங்கள் கையில் இருப்பதிலேயே உபயோகமான காகிதம் அதுதான் என்று படுகிறது.

முதலில் கூரியர் பக்கம். உடன்படிக்கையின் 18-ஆவது பிரிவின்படி, விமானப் பயணத்தின்போது ஏற்பட்ட சேதத்துக்குக் கூரியர் பொறுப்பு. மோசமான பேக்கிங்கால்தான் சேதம் என்றால் அவர்கள் தப்பிக்கலாம். ஆனால் அதை அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும். அதுவும் ‘எந்த அளவுக்கு’ பேக்கிங் காரணமோ அந்த அளவுக்குத்தான் விலக்கு. இரண்டு காரணம் சேர்ந்திருந்தால் பொறுப்பைப் பிரிக்க இடம் இருக்கிறது. உங்கள் பெட்டியில் இரண்டு வகைத் தடயமும் இருக்கின்றன. வெளியே நசுங்கிய மூலையும், அதற்கு நேர் உள்ளே பிளந்த மரச்சட்டமும் ஒன்றோடொன்று பொருந்தினால், அது கீழே விழுந்த அடி. டோன்ஆர்மும் அச்சும் வேறு கதை.

டிடி 124 வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், அதன் சுழல்தட்டு வார்ப்பிரும்பு. ஏறக்குறைய நாலரை கிலோ. அந்த எடையை நடு அச்சுதான் தாங்குகிறது. பெட்டி சாயும்போதும் குலுங்கும்போதும் அத்தனை எடையும் ஒரு மெல்லிய அச்சையும் பேரிங்கையும் நெம்பும். துள்ளினால் பக்கத்திலிருக்கும் டோன்ஆர்மில் போய் இடிக்கும். அதனால்தான் தட்டைக் கழற்றித் தனியாகச் சுற்றி, முடிந்தால் தனிப் பெட்டியிலேயே அனுப்புவார்கள். டோன்ஆர்மின் பின் எடையைக் கழற்றிவிட்டு, ஆர்மைத் தாங்கியோடு சேர்த்துக் கட்டுவார்கள். உங்கள் படங்களில் ஒன்றை நான் பெரிதாக்கிப் பார்த்தேன். பெட்டியின் மேல்மூடி உள்பக்கத்தில் வட்டத்தின் ஒரு பகுதிபோல வளைந்த அழுத்தத் தடம் இருக்கிறது. தட்டு எழும்பி அங்கே மோதியிருக்கிறது. சேதத்தைப் பார்வையிடும் சர்வேயர் வந்தால் அவர் கண்ணும் நேராக அங்கேதான் போகும்.

ஆகவே, கூரியரிடம் ‘பேக்கிங் பிரமாதமாக இருந்தது’ என்று நீங்கள் எழுதாதீர்கள். பல பேர் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். கிளைம் ஜெயிக்க வேண்டும் என்று பேக்கிங்கைப் புகழ்ந்து எழுதிவிட்டு, பிறகு விற்றவரிடம் போய் பேக்கிங் மோசம் என்று சொன்னால், முதல் கடிதத்தை எடுத்து அவர் நீட்டுவார். எங்கேயும் கண்டதை மட்டும் எழுதுங்கள்: மூலை நசுங்கியிருந்தது, தட்டு கழற்றப்படவில்லை, நுரைத் தகடு இவ்வளவு கனம் இருந்தது. முடிவு சொல்வது அவர்கள் வேலை.

பெட்டியில் ‘உடையும் பொருள்’ என்று நாலு பக்கமும் ஸ்டிக்கர் ஒட்டியிருந்ததாகவும், அதை மதிக்காதது கூரியரின் அலட்சியம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதை நம்பி அதிக தூரம் போக முடியாது. பார்சல்களைப் பிரித்து அனுப்பும் கன்வேயர் இயந்திரம் பட்டைக்கோட்டைத்தான் படிக்கும், ஸ்டிக்கரை அல்ல. பெட்டி எந்தப் பக்கம் விழுந்தாலும் தாங்கும்படி கட்ட வேண்டியது அனுப்புபவர் பொறுப்பு என்பதே கூரியர் நிபந்தனைகளின் பொதுவான நிலை.

தனியாகப் பாலிசி இருப்பது தெரியவந்தாலும் பேக்கிங் கேள்வி விடாது. உலகம் முழுக்கப் புழங்கும் இன்ஸ்டிட்யூட் கார்கோ கிளாசஸ் என்ற சரக்குக் காப்பீட்டு வாசகங்களின் 2009 வடிவத்தில், வழக்கமான பயண நிகழ்வுகளைத் தாங்க முடியாத பேக்கிங்கால் வந்த இழப்புக்கு விலக்கு இருக்கிறது; காப்பீடு தொடங்கும் முன்பே கட்டிய பேக்கிங்குக்கும் அது பொருந்தும். ‘வழக்கமான’ என்ற சொல்தான் உங்கள் பிடி. மூலை நசுங்கி மரம் பிளக்கும் அளவு அடி வழக்கமான பயணத்தில் விழுவதில்லை என்று வாதிடலாம். பழைய கருவிகளுக்கான பாலிசிகளில் இன்னொரு விலக்கும் வரும்: வெளியே அடிபட்ட அடையாளம் இல்லாத மின், இயந்திரக் கோளாறுக்குப் பணம் கிடையாது என்பது. மோட்டார் ஓடவில்லை என்று மட்டும் சொன்னால் அந்த விலக்கு பாயும். மூலை நசுங்கிய படம் இருப்பதால் நீங்கள் தப்பிக்கலாம்.

முதலில் தட்ட வேண்டிய கதவு

நீங்கள் கூரியரையே துரத்திக்கொண்டிருக்கிறீர்கள். உங்களுக்குப் பணம் தர வேண்டிய முதல் ஆள் விற்றவர்தான் என்பது என் கணிப்பு. கூரியரிடம் ஒப்படைத்த நொடியில் பொருளின் அபாயம் உங்கள் தலைக்கு மாறிவிட்டது என்றே அவர் வாதிட்டாலும் (தனிநபர் விற்பனையில் சில நாடுகளில் அப்படி ஒரு நிலை உண்டு), பயணத்தைத் தாங்கும்படி கட்டித் தருவது விற்பவரின் கடமை. அது நடக்கவில்லை என்பதற்கு நீங்கள் நிபுணரைத் தேட வேண்டியதில்லை. கூரியர் நிறுவனமே அதைச் சொல்லிவிட்டது. அது போனில் வந்த பதிலாக இருந்தால் இன்றே எழுத்தில் கேளுங்கள்.

விற்பனைத் தளத்தின் வாங்குவோர் பாதுகாப்பில் ‘விவரித்தபடி இல்லை’ அல்லது ‘சேதமடைந்து வந்தது’ என்ற தலைப்பில் புகார் திறங்கள். அதற்கான கெடு பெரும்பாலும் மிகக் குறுகியது, முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். தளம் கைவிரித்தால் அட்டை கொடுத்த வங்கியில் கட்டணத் தகராறு. பெரிய அட்டை நிறுவனங்களின் விதிகளில் பொதுவாக 120 நாள் அவகாசம் இருக்கும். விற்றவர் ‘கூரியர் முடிவு வரட்டும், பொறுங்கள்’ என்று இழுப்பார். மரியாதையாகப் பதில் சொல்லுங்கள், கெடுவை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இதில் உங்களுக்கு ஓர் அபாயமும் உண்டு. விலையைக் குறைத்துப் போடச் சொல்லி நீங்கள் அனுப்பிய செய்தி அந்தத் தளத்தின் உரையாடலிலேயே இருக்கிறது. முழு மதிப்புக்குக் காப்பீடு செய்ய முடியாமல் போனதற்கு நீங்களே காரணம் என்று விற்றவர் சொல்வார். அதில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. ஆனால் குறைந்த பில் போடச் சொன்னது, தட்டைக் கழற்றாமல் அனுப்பச் சொன்னதாகாது. பேக்கிங் என்ற ஒரே விஷயத்தில் நின்று பேசுங்கள். அவர் பாதி தர முன்வந்தால், சுங்க விவகாரத்தையும் மனதில் வைத்து, அதை உடனே தட்டிவிட வேண்டாம் என்பேன். இரண்டு பக்கமும் பணம் வந்தால் மொத்தம் உங்கள் நஷ்டத்தைத் தாண்டக் கூடாது. காப்பீட்டு நிறுவனம் பணம் தந்தால், மற்றவர்கள் மேல் உங்களுக்கு இருந்த உரிமை அந்த அளவுக்கு அந்த நிறுவனத்துக்குப் போய்விடும். அதனால், கூரியர் ஒரு சிறு தொகையை நீட்டி ‘முழுத் தீர்வாக ஏற்கிறேன்’ என்ற காகிதத்தில் கையெழுத்துக் கேட்டால், பாலிசி இருக்கிறதா இல்லையா என்று தெரியும்வரை போடாதீர்கள்.

எவ்வளவு கேட்கலாம்

கூடிய சந்தை விலையைக் கேட்டீர்கள். இழப்பீட்டின் நோக்கம் உங்களைச் சேதத்துக்கு முந்தைய நிலையில் வைப்பது. பாலிசியில் மதிப்பை முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருந்தால் அந்தத் தொகை. இல்லையென்றால் பொதுவாக அந்த நேரத்துச் சந்தை மதிப்பு. சந்தை மதிப்பு என்றால் இணையத்தில் யாரோ கேட்கும் விலை அல்ல, உண்மையில் விற்று முடிந்த விலை. அதே மாடல், அதே நிலை, அதே வகை டோன்ஆர்மோடு விற்றவற்றைச் சேகரியுங்கள். ஒரு மாதம் முன்பு நீங்களே பேரம் பேசி வாங்கிய விலையைத்தான் அவர்கள் சந்தை மதிப்பு என்பார்கள். அதை மறுப்பது கடினம்.

பகுதிச் சேதத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. உண்மை மதிப்பு 100, காப்பீடு 25-க்கு, ரிப்பேர் செலவு 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘25 வரை உண்டே, 25 தருவார்கள்’ என்று நினைப்போம். விகிதாசாரக் கழிவு உள்ள பாலிசியில் கால் பங்குக்குத்தான் காப்பீடு என்று கணக்கிட்டு, 40-இல் கால் பங்கான 10 மட்டுமே தருவார்கள்.

ரிப்பேர் செய்த பிறகும் சேகரிப்பாளர்களிடம் விலை குறையுமே, அந்த நஷ்டம்? சாதாரணச் சரக்குப் பாலிசியும் கூரியரும் அதைத் தருவதில்லை. மாற்றுப் பாகத்தின் விலையும் பொருத்தும் கூலியும்தான். சேகரிப்புக்கென்றே எடுக்கும் பாலிசிகளில் மட்டும் மதிப்புக் குறைவுக்கும் இடம் இருக்கலாம். வீட்டுப் பாலிசியையோ சேகரிப்புப் பாலிசியையோ நீங்கள் ஏற்கெனவே வைத்திருந்தால், ‘புதிதாக வாங்கிய பொருள்’, ‘பயணத்தில் உள்ள பொருள்’ பற்றிய வாசகங்களை ஒரு முறை பாருங்கள். முழு இழப்பாகத் தீர்த்தால் உடைந்த கருவி காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொந்தமாகும். டிடி 124-இன் மோட்டாரும் தட்டும் அடிச்சட்டமும் தனித்தனியாகவே விலை போகும். எனவே ஒரு தொகையைக் கழித்துக்கொண்டு பொருளை உங்களிடமே விடச் சொல்லிக் கேளுங்கள், பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.

மெக்கானிக்கும் அந்தப் பெட்டியும்

மெக்கானிக்கிடம் இப்போது வாங்க வேண்டியது மதிப்பீடு மட்டும்தான். எந்தப் பாகம், என்ன சேதம், எதனால் இருக்கலாம், சரிசெய்ய எவ்வளவு, பழைய அசல் பாகம் கிடைக்குமா என்று எழுதி, சீரியல் எண்ணோடு கையெழுத்துப் போட்டுத் தரட்டும். வளைந்த அச்சை அவர் நிமிர்த்திவிட்டால் சான்றும் நிமிர்ந்துவிடும். கூரியர், தளம், காப்பீடு என்று யாரெல்லாம் பார்வையிட உரிமை உள்ளவர்களோ அவர்கள் பார்க்கும்வரை, அல்லது பார்க்கத் தேவையில்லை என்று எழுதித் தரும்வரை, கருவியைத் தொட வேண்டாம்.

அட்டைப்பெட்டி, நுரை, டேப், கசங்கிய காகிதம் எல்லாம் இருக்கட்டும். வீட்டில் இடத்தை அடைக்கிறது என்று உங்கள் மனைவி சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டொரு மாதம் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பெட்டியின் ஆறு பக்கமும், முகவரி லேபிளும், அடிமடிப்பில் தாங்கும் எடையைக் காட்டும் முத்திரை இருந்தால் அதுவும், நுரையின் பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்தும் படம் எடுங்கள். விற்றவரின் விளம்பரப் பக்கத்தைப் படங்களோடு இன்றே சேமித்து வையுங்கள். கருவி ஓடும் வீடியோ அதில் இருந்ததாகச் சொல்கிறீர்கள், அனுப்பும் முன்பு அது நல்ல நிலையில் இருந்ததற்கு அதைவிட நல்ல சான்று கிடைக்காது. தகராறு முற்றினால் அவர் அதை எடுத்துவிடக்கூடும்.

கடைசியாக ஒன்று. பணத்தைத் திருப்பித் தரத் தளம் தீர்ப்பளித்தால், பொருளைத் திருப்பி அனுப்பச் சொல்வார்கள். பார்வையிட வேண்டியவர்கள் பார்த்து முடிக்கும் முன்பு அனுப்பாதீர்கள். திரும்பும் கூரியர் செலவு யாருடையது என்பதை எழுத்தில் வாங்குங்கள். அனுப்பும்போது சுழல்தட்டைக் கழற்றித் தனிப் பெட்டியில் வையுங்கள், கட்டுவதை ஆரம்பம் முதல் வீடியோ எடுங்கள், கூரியர் படிவத்தில் மூன்று கட்டத்திலும் உண்மையான எண்ணை எழுதுங்கள். சேதமான பொருள் திரும்பிப் போகிறது என்றும் விவரத்தில் குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் அந்தப் பக்கத்துச் சுங்கம் அதைப் புது இறக்குமதியாக எடுத்துக்கொண்டு வரி கேட்கும், அந்தத் தகராறும் உங்களிடமே வந்து நிற்கும்.